எனக்காக உட்கார்ந்தவர்

எனக்கு மனச்சோர்வு நோய் திரும்பவும் வந்துவிடக் கூடாது என்பதற்காக என் வீட்டுக்காரர் தினமும் காலையில் தியானத்தில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தார். இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர் பெயர் பலராமன். நெல்லும் கரும்புமாக நிலம் இருக்கிறது. நாலு பேர் மதிக்கிறார்கள். நல்ல குரல். நல்ல குரல் வாய்த்தவர்களால் அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. வீட்டில் யாருக்கு எது என்றாலும் அவர்தான் பேசுவார். என் பெயர் செல்வகுமாரி என்பதைக்கூட வந்தவர்களிடம் அவர்தான் சொல்வார். இந்தக் கதையை மட்டும் நானே சொல்கிறேன்.

எனக்கு அந்த நோய் இரண்டு முறை வந்தது. முதல் முறை, மகள் சரண்யாவுக்குக் கல்யாணம் முடிந்து அவள் பெங்களூர் போன பிறகு. பெண்ணைப் பிரிந்த ஏக்கம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது முறைக்கு யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல விளைச்சல், கறவையில் இரண்டு மாடு, மாமியார்கூட அந்த வருஷம் என்னோடு பெரிதாகச் சண்டை போடவில்லை. அப்படியும் வந்தது. பால் கறக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மாட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். சோற்றில் உப்பு தெரியவில்லை. தலை வார வேண்டுமே என்று நினைத்தாலே அழுகை வந்தது. 'இன்னாடி கொற உனக்கு' என்று ஊரே கேட்டது. கேட்ட எல்லாரும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். செய்வினை, கண்ணேறு, தைராய்டு, கொழுப்பு. கொஞ்ச நாள் என்னை ஏரிக்கரைப் பக்கம் தனியாக விடவில்லை. விடாததற்குக் காரணமும் இருந்தது.

மாத்திரையில் தேறினேன். மறுபடியும் ரசம் ருசித்தது, பேத்தி போனில் பாடினால் சிரிப்பு வந்தது. ஆனால் தேறியவளுக்குள்ளே ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை எழுந்துவிட்டேன். மூன்றாவது முறை வந்தால் எழுந்திருக்க என்னிடம் தெம்பு இல்லை. இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பயத்தை டாக்டரிடம் சொன்னபோதுதான் அவர் என்னை ரோஸ்லின் மேடத்திடம் அனுப்பினார். புதுச்சேரியில் அதே ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். என்னைப்போல நோய் வந்து தேறியவர்களை வட்டமாக உட்கார வைத்து எட்டு வாரம் வகுப்பு நடத்தினார். "ரெண்டு தடவை வந்தவங்களுக்குத் திரும்பவும் வர்ற வாய்ப்பு அதிகம். பயமுறுத்தச் சொல்லலை. அதனாலதான் நல்லா இருக்கும்போதே கத்துக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணை மூடி உட்கார வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனசு எங்கேயாவது ஓடினால், ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் கூட்டிக்கொண்டு வர வேண்டும். 'நீ எதுக்கும் லாயக்கில்ல' என்று ஒரு நினைப்பு வந்தால், இது ஒரு நினைப்பு, வந்திருக்கிறது, போகும் என்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் என் மனசு எதைச் சொன்னாலும் நான் அப்படியே நம்பிவிடுவேன். மாமியார் சொன்னதைக்கூட நான் அவ்வளவு நம்பியதில்லை. இனி நம்ப வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அந்த அறையில் முதல் நாள் கண்ணை மூடியபோது வேறொன்றையும் கவனித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, விழித்திருக்கும்போது, யாரும் கூப்பிடாத அரைமணி நேரம் எனக்கு அதுதான் முதல்.

வீட்டில் தினமும் பழக வேண்டும் என்றார் மேடம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. விடிந்ததும் சாமி அறைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். மாமியார் முத்துலட்சுமி வந்து பார்த்தார். கிட்டே வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார்.

"அத்த, நா நல்லாத்தான் இருக்கன்" என்றேன்.

"நல்லா இருக்கறவ எவடி இப்டி ஒக்காருவா?" என்றவர் நேரே வாசலுக்குப் போய்விட்டார். "டேய் பலராமா, இவளுக்குத் திரும்ப வந்துட்ச்சிடா" என்று அவர் போட்ட சத்தத்தில் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கேனோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

மாமியாரையும் குற்றம் சொல்ல முடியாது. நோய் வந்தபோதும் நான் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். வியாதியும் வைத்தியமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருந்தன. இதனால் நான் உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து தோளைத் தொட்டு உலுக்கினார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், மனசு மாறட்டும் என்று டிவியைச் சத்தமாக வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை படுத்தால் உடம்பு சரியில்லை, நின்றால் வேலை செய்கிறாள், இரண்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் குடும்பத்துக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது.

வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு நாள் வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துவரச் சொன்னார் மேடம். நோய் திரும்புவதற்கு முன்னால் என்னென்ன அறிகுறி தெரியும், அப்போது வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக. என் வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடம் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். எல்லாரையும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடச் சொன்னபோது இவரும் மூடினார். திறந்தபோது முகம் அப்படியே மலர்ந்திருந்தது. கட்டை வண்டியை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கிய நாளில் அதே முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "குமாரி, உனக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது? மாடு இருக்கு, கழனிக்குச் சாப்பாடு அனுப்பணும். உனக்காக நா ஒக்கார்றன்" என்றார்.

"எனக்காக நீங்க எப்டிங்க ஒக்காருவீங்க? மூச்சு என்துல்ல?"

"தங்கச்சி வூட்டுக்காரருக்கு பிரான்சு குடியுரிம பேப்பர் வரலன்னு தீ மெதிச்சது யாரு?"

"நீங்கதான்."

"பேப்பர் யாருக்கு வந்துச்சு?"

அவருக்குத்தான் வந்தது. மாமியார் விட்டாரா? "இவனுக்கு அம்மை போட்டப்ப கோயில்ல மண்சோறு துன்னது நானு. அம்மை எறங்குனது இவனுக்கு. ஆம்பள அவனா முன்வந்து பொண்டாட்டிக்காகச் செய்றேங்கறான், நீ கேள்வி கேக்கற" என்றார்.

இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் நான் என்ன வாதாடுவது? எங்கள் பக்கத்தில் பிள்ளைக்காகத் தாய் மொட்டை போட்டுக்கொள்வாள், தம்பி பரீட்சைக்கு அண்ணன் அலகு குத்திக்கொள்வான், வேண்டுதலை யார் செய்தாலும் சாமி கணக்கை உரியவர் பெயரில்தான் எழுதும். அந்த வழியில் இவரும் யோசித்தார். இப்படி முடியும் என்றால் சரண்யாவையும் எனக்குப் பதிலாக நீங்களே பெற்றிருக்கலாமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாமியார் எதிரே நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

"மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றேன்.

"அவங்க மட்டும் வில்லியனூர் மாதா கோயில்ல அடுத்தவங்களுக்காக மெழுவத்தி கொளுத்தலியா? அவங்களுக்குப் புரியும்" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து தொடங்கியது. கூடத்தின் நடுவே மணையைப் போட்டு, மேலே மின்விசிறியை ஓடவிட்டு, ஊதுவத்தி ஏற்றி உட்கார்ந்தார். அர்ச்சனைக்குச் சொல்வதுபோல, "செல்வகுமாரி, உத்திர நட்சத்திரம், கன்னி ராசி" என்று கணீரென்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். யாருக்காக மூச்சு விடுகிறோம் என்று மூச்சுக்குத் தெரிய வேண்டுமாம்.

உட்காரும் நேரத்தில் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்றும் அன்று மேடம் சொல்லியிருந்தார். அதை மட்டும் இவர் ஒரு எழுத்து விடாமல் பிடித்துக்கொண்டார். குக்கர் விசில் கூடாது என்று சோற்றைப் பின்கட்டில் விறகடுப்புக்கு மாற்றினேன். கன்று கத்தக் கூடாது என்று அதைக் கொல்லைக் கோடியில் கட்டி, கத்தினால் தடவிக் கொடுக்க ஓடினேன். காக்காய் விரட்டினேன். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு வந்தால் முன்னாலேயே போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். உட்கார்ந்து எழுந்ததும் அவருக்கு இளநீர் வேண்டும். அதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும். சில நாள் பாதியில் தூங்கியும் விடுவார். அவர் தன் மூச்சைக் கவனித்தாரோ இல்லையோ, அந்தக் குறட்டையைத் தெருவே கவனித்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. மாதம் திரும்புவதற்குள் அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. கூலி ஆட்களைத் திட்டுவது நின்றது. முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். பம்புசெட்டில் துணி துவைக்கும்போது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "குடுத்து வச்சவடி நீ. எங்க வூட்ல எனக்குத் தலவலின்னா ஒரு மாத்திர வாங்கித் தரமாட்டாரு" என்றாள் ஒருத்தி. நான் சிரித்துவைத்தேன். எனக்காக இவ்வளவு செய்கிற மனுஷரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும் என்று நானே கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒருவர் செய்தால் பக்தி, நாலு பேர் செய்தால் சங்கம். புகழ்வேந்தன் வந்து சேர்ந்தார். விவசாயிகள் சங்கச் செயலாளர். எந்தத் தேர்தலிலும் சீட்டுக் கிடைக்காதவர், எல்லாத் தேர்தலிலும் பேனரில் இருப்பவர். தன் மனைவியின் இடுப்பு வலிக்காக அவரும் எங்கள் கூடத்தில் மணை போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மனைவியின் சர்க்கரைக்கு, ஒருவர் மனைவியின் கோபத்துக்கு. கூடம் போதாமல் களத்துக்கு மாறினார்கள். பாக்யராஜ் என்று கல்யாணமாகாத ஆள் ஒருவன், தனக்கு யாரும் இல்லை என்பதால் எதிர்வீட்டுக்காரர் மனைவி பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி உட்கார்ந்துவிட்டான். அன்று தியானம் அடிதடியில் முடிந்தது. அதற்குப் பிறகு அவரவர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் உட்காரலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

இத்தனை ஆண்களும் இத்தனை பெண்களுக்காக மூச்சு விட்டு முடித்ததும் எல்லாருக்கும் காபி வேண்டும். அதை மட்டும் எனக்காக யாரும் போடவில்லை.

நெல் கதிர் பிடிக்கிற பருவத்தில் எனக்கு விடியலுக்கு வெகு முன்னாலேயே விழிப்பு வர ஆரம்பித்தது. சேவல்கூடக் கூவியிருக்காது. மல்லாந்து படுத்தபடி ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே யாரோ அரிசி மூட்டையை வைத்ததுபோல நெஞ்சு கனத்தது. ஒரு நாள் ரசத்தில் உப்பே இல்லை என்றார் மாமியார். மறுநாள் கடல் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்தது. சீப்பை எடுத்துவிட்டு வாரத் தோன்றாமல் அப்படியே வைத்தேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மேடம் சொல்லிக்கொடுத்த அறிகுறிகள் ஒன்று தவறாமல் வரிசையாக வந்தன. தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இதை முதல் நாளே பிடித்திருக்கலாம். பெண்களுக்காகக் களம் நிறைய ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "இன்னாங்க, எனக்குத் திரும்ப வர்றாப்ல இருக்கு."

அவர் பதறவில்லை. இப்போதுதான் பதறாத மனுஷராக மாறிவிட்டாரே. என் தலையில் கையை வைத்து, "பயப்படாத குமாரி. நாளையிலேர்ந்து பத்து நிமிஷம் ஏத்திக்கறன்" என்றார்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதுபோல அவர் தன் உட்காருதலைக் கூட்டினார். அதிலும் எனக்கு இறக்கம் காணவில்லை என்றதும் சாயங்காலமும் ஒரு வேளை சேர்த்தார். சாயங்காலக் காபி புதிதாக என் தலையில் விழுந்தது. அவருக்கு என்மேல் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரியம் இருந்தது. அந்தப் பிரியம் மொத்தமும் அவர் மணையிலேயே உட்கார்ந்திருந்தது.

"என்னைப் பாண்டிக்குக் கூட்டிப்போங்க, மேடத்தைப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு அலையணும்? மேடமே இங்க வர்றாங்க. விழாவுக்குப் புகழ்வேந்தன் கூப்ட்டிருக்கான்" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்து அதற்கு விழா எடுக்காமல் விட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். 'மனையாள் நலம் காக்கும் மாமனிதர்கள் பாராட்டு விழா' என்று பேனர் வைத்தார்கள். நடுவில் இவர் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். பின்னால் பனிமலை. பாகூரைத் தாண்டிக் கடலூருக்குப் போனாலே குளிர்கிறது என்று சால்வை கேட்கிற மனுஷர். அவர் தலையிலிருந்து மஞ்சள் ஒளி கிளம்பி, பேனரின் அடி மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருந்த என் முகத்தில் வந்து விழுந்தது. அதற்குக் கீழே 'நோய் நீங்கிய செல்வகுமாரி' என்று போட்டிருந்தது. அந்தப் பேனரைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. ஒன்றுமே வராததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

சாப்பாடு வீட்டுச் சமையலாக இருந்தால்தான் மரியாதை என்று புகழ்வேந்தன் சொல்லிவிட்டார். இரண்டு பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டு விடியலிலிருந்து அடுப்பில் நின்றேன். சோறு இறக்கி, பொரியல் முடித்து, பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் மேடத்தின் கார் வந்தது. மகளிர் மனநல விழிப்புணர்வுக் கூட்டம் என்று சொல்லி அவரை அழைத்திருந்தார்கள். அவர் இறங்கி நின்று பேனரை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு என்னைத் தேடினார்.

"எப்படி இருக்கீங்க செல்வகுமாரி?"

"சூப்பரா இருக்கா மேடம். நா டெய்லி ரெண்டு வேள ஒக்கார்றன்" என்றார் இவர்.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. வாராத என் தலையைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் புகழ்வேந்தன் சால்வையோடு வந்து அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். என் கையிலிருந்த கரித்துணியையும் பிடுங்கி வைத்துவிட்டு என்னையும் ஏற்றினார்கள். இவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

புகழ்வேந்தன் பேசினார். உலகத்துக்கே இந்தக் கிராமம் வழிகாட்டுகிறது என்றார். சரித்திரத்தில் மனைவிக்காக மகால் கட்டியவன் உண்டு, மூச்சையே கொடுத்தவன் உண்டா என்று கேட்டார். களத்தில் உட்கார்ந்த ஆண்கள் வரிசையாக வந்து சால்வை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய மனைவிமார்கள் கீழே உட்கார்ந்து கைதட்டினார்கள். புகழ்வேந்தன் மனைவி மட்டும் தட்டவில்லை. இடுப்பு வலியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப அண்ணி ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்றார் புகழ்வேந்தன்.

"நல்லா ஆயிட்டன், எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு வந்துடு" என்று இவர் காதில் சொல்லி அனுப்பினார்.

மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். எதிரே அத்தனை முகம். நல்லா ஆயிட்டன் என்று சொல்லிவிட்டால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு நாளைக்கு விடியலுக்கு முன்னால் நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். மூன்றாவது முறை. அதை நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலுக்குக் கீழே பலகை ஆடியது தெரிந்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது. மூச்சு மேலே மேலே அடித்துக்கொண்டிருந்தது, அதன் சத்தம் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. 'சொல்லாத, சிரிப்பாங்க. இத்தன பேர் பாடுபட்டிருக்காங்க, நன்றிகெட்டவ நீ' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைப் பார்த்தேன். அது மாமியார் குரலில் வந்திருந்தது. ஆனால் மாமியார் கீழே வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். திரும்ப மூச்சுக்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மேடையில் மைக் முன்னால் நிற்கிறவரைக் கூப்பிட்டுக் கரண்டி கேட்க முடியாது. எங்கள் ஊரில் ஒரு பொம்பளையைத் தொந்தரவு செய்யாமல் விடுகிற ஒரே இடத்தில் நான் தற்செயலாக வந்து நின்றிருந்தேன்.

"சந்தோஷத்துல பேச்சு வரல, பாவம்" என்று யாரோ சொன்னார்கள். கைதட்டினார்கள்.

கண்ணைத் திறந்தேன். "எனக்குத் திரும்ப வருது" என்றேன்.

கடைசி வரிசையில் ஒருத்தர் காதில் சரியாக விழாமல் தனியாகக் கைதட்டி நிறுத்தினார்.

"விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. உப்பு தெரியல. தல வாரப் புடிக்கல. எதுக்கு இருக்கறோம்னு தோணுது. எங்க வூட்டுக்காரரு எனக்காக ஒக்கார்றாரு. நல்ல மனசுதான். ஆனா எனக்காக அவரு சாப்ட்டா என் வயிறு ரொம்புமா? எனக்காக அவரு தூங்குனா என் கண்ணு எரிச்சல் தீருமா? நா ஒக்காரணும். நா ஒக்கார்றப்ப யாரும் என்னைக் கூப்புடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்ளோதான். சால்வ வேணாம்."

இவர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். "அவளுக்குக் கொஞ்சம் களைப்பு. விடியக்காலத்துலேர்ந்து அடுப்புல நின்னா. யாரும் கவலப்பட வேணாம், நாளையிலேர்ந்து நா மூணு வேள..."

அவர் முடிப்பதற்குள் நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். நேரே வீட்டுக்குள் போய்ச் சாமி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பாயைக்கூட விரிக்கவில்லை, தரையில் உட்கார்ந்தேன். வெளியே ஒரே அமளி. கதவை உடைக்கலாம் என்றது ஒரு குரல். எல்லாரையும் தள்ளிக்கொண்டு மேடத்தின் குரல் கிட்டே வந்தது.

"செல்வகுமாரி, கதவைத் திறக்க வேண்டாம். குரல் மட்டும் குடுங்க."

"ஒக்காந்திருக்கன் மேடம். வேற ஒண்ணும் பண்ண மாட்டன்."

"சரி. நான் இங்கயே இருக்கேன். நீங்களா எழுந்து வந்ததும் என் கார்லயே போகலாம். டாக்டரைப் பார்த்து மாத்திரையையும் பேசணும். நீங்க இதைச் சீக்கிரமாவே பிடிச்சுட்டீங்க. இந்த நேரத்துல பிடிச்சா பெரிசா ஆகாம தடுக்கலாம்." பிறகு மற்றவர்களிடம், "எல்லாரும் வெளியில போங்க. யாரும் பேச வேண்டாம்" என்றார். மேடத்தின் குரலும் நல்ல குரல்தான். போனார்கள்.

நான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, தடுக்கவில்லை. மனசு பந்திக்கு ஓடியது, கன்றுக்குத் தண்ணீர் வைக்க ஓடியது, ஊர் என்ன பேசும் என்று ஓடியது. ஒவ்வொரு முறையும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார முடிந்தது.

கதவுக்கு வெளியே இவர் செருமுவது கேட்டது. மற்றவர்களோடு போகாமல் அங்கேயே நின்றிருந்தார் போலிருக்கிறது.

"குமாரி, நா ஒக்காந்தது ஒண்ணுத்துக்கும் ஒதவலியா?"

அந்தக் குரலில் கணீர் இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

"உங்க பிரஷருக்கு ஒதவுச்சுங்க" என்றேன்.

பிறகு, "அப்ப உனக்காக நா இன்னா பண்ணணும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் கேட்டதில்லை. இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"சாம்பார் அடிபுடிக்கற வாசன வருது. போய்க் கிண்டுங்க."

காலடிச் சத்தம் பின்கட்டுப் பக்கம் போனது. "அண்ண, நீங்க எதுக்கு, உடுங்க" என்று புகழ்வேந்தன் தடுப்பதும், இவர் நிற்காமல் போவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து அந்த நல்ல குரல் திரும்பவும் முழுசாகக் கிளம்பியது.

"குமாரி, கரண்டி எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பாத்திரங்கள் உருண்டன, ஏதோ கீழே விழுந்தது, யாரோ சிரித்தார்கள். பிறகு அண்டாவின் அடியை உலோகம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான் மூச்சுக்குத் திரும்பினேன்.